நளகூபரனை மறந்தவர் நேஜாவை நோவதேன்?

நம் வீட்டுப் பிள்ளைகள் சீனத்து மாயக்கதைப் படங்களில் மயங்கிக் கிடக்கின்றனர் என்னும் புலம்பல், அண்மைக் காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடமெல்லாம் கேட்கிறது. மணவீட்டுப் பந்தியிலும் கேட்கிறது. இலக்கியக் கூட்டம் முடிந்து காபி அருந்தும் வேளையிலும் கேட்கிறது. தீச்சக்கரங்களின்மேல் நின்று பறக்கும் நேஜா என்னும் சிறுவனும், விண்ணுலகைக் கலக்கிய குரங்கரசன் சுன் வுகோங்கும், மங்கை வடிவெடுத்த வெள்ளைப் பாம்பும் நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக ஓரங்களில் படங்களாகக் குடியேறிவிட்டனர். "இது என்ன காலக்கொடுமை!" என்று நோவார் பலர். காலத்தின்மேல் குற்றமில்லை, சீனத்தின்மேலும் குற்றமில்லை, பிள்ளைக்குக் கதை சொல்லும் கடமையைக் கைவிட்டுவிட்ட ஒரு சமுதாயத்துக்கு நோவதற்கு உரிமையே இல்லை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலசந்திரா எத்தகைய இடம் என்பதைப் பெங்களூர்த் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் ஆனேபாளையத்துக்கும் அண்மையில் உள்ள இப்பகுதியில், ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் தக்கணி உருதும் ஒலிக்கக் கேட்கலாம். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தாயிடம் தமிழில் பேசுகிறது; தெருவில் கன்னடமும் உருதும் கலந்து பேசுகிறது; பள்ளியில் ஆங்கிலத்தில் பேசுகிறது. இதில் இழுக்கொன்றும் இல்லை. நான்கு மொழி அறிந்த பிள்ளை நான்கு வாயில் உள்ள வீட்டைப் போன்றது. ஆயினும் ஓர் உண்மையை மறைத்துப் பயனில்லை. தமிழ் அப்பிள்ளையின் காதுக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை. சொன்னால் விளங்கிக்கொள்ளும், எழுதிக் காட்டினால் விழிக்கும். ஆகவே அப்பிள்ளையிடம் தமிழ் போய்ச் சேருவதற்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே வாயில் செவிதான். அந்த வாயிலில் நின்று கதை சொல்வார் யார் என்பதே கேள்வி.

சீனப் படங்களை எதிர்ப்போர் கூறும் வாதங்கள் மூன்று. அவை அயல்நாட்டுச் சரக்கு, தடுக்க வேண்டும் என்பது ஒன்று. அக்கதைகளெல்லாம் நம்மிடமிருந்து போனவையே, பெருமை நமதே என்பது மற்றொன்று. நம்மிடம் பொருளும் இல்லை, பொறியும் இல்லை, நாம் என்ன செய்வது என்பது மூன்றாவது. மூன்றையும் முறையே ஆராய்வோம்.

அயல் சரக்கு என்னும் வாதம்

அயல்நாட்டுக் கதை தமிழ்ப் பிள்ளைக்கு ஆகாது என்பார், தம் இளமையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அலாவுதீனின் விளக்கும் அலிபாபாவின் குகையும் எந்த ஊரில் பிறந்தவை? 1967-இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில் வந்த பூதத்தின் பூர்வீகம் எது? அவற்றை நாம் அயல் என்று ஒதுக்கினோமா? தமிழில் பேசிய காரணத்தால் பூதமும் நம்மவனாயிற்று.

இன்னும் அணுக்கமான சான்று ஒன்று உண்டு. 2007-இல் தொடங்கிய சுட்டி டி.வி.யில் ஜாக்கி சானைத் தலைவனாகக் கொண்ட ஒரு கார்ட்டூன் தொடர் தமிழில் ஒளிபரப்பாயிற்று. அது சீனத்தில் எடுத்ததன்று, அமெரிக்கர் எடுத்தது. ஆயினும் அதிலிருந்த மந்திரத் தாயத்துகளும் அசுரர்களும் கிழட்டு மாமாவின் மாந்திரீகமும் சீன மரபைத் தழுவியவை. அத்தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று இருபதையும் முப்பதையும் தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மாமாவின் வசனங்களை இன்றும் தமிழில் ஒப்பிப்பார்கள். ஏன்? படம் வந்த நாடு எதுவாயினும், வாய் திறந்தபோது அந்த மாமா நம் தெருவில் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரைப் போலத் தமிழ் பேசினார். பிள்ளை கேட்பது குடிவழிச் சான்றிதழ் அன்று. தனக்கு விளங்கும் குரல்.

எல்லையில் பூசல் உள்ள நாட்டின் படத்தைப் பார்க்கலாமோ என்று ஐயுறுவாரும் உளர். எல்லையைக் காப்பதற்குப் படை உண்டு. அதற்குப் பிள்ளையின் கதைப்பசியைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அங்கே எழுதுவோர்க்கும் படமெடுப்போர்க்கும் அரசின் தணிக்கைக் கட்டு உண்டென்பதும், இப்படங்களில் சில காது செவிடுபடச் சண்டையையே நீட்டுகின்றன என்பதும் மெய்யே. அவற்றைக் குறையாகச் சொல்லுவோம். ஆனால் குறை சொல்லுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அந்தப் படத்துக்கு மாற்றாக இந்தா, இதைப் பார் என்று பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்தவனுக்கே அத்தகுதி உண்டு.

பிறப்பிடப் பெருமை என்னும் வாதம்

இரண்டாவது வாதம் நம்மவர்க்கு மிக இனிப்பது. எனவே சற்று விரிவாகக் காண்போம். இவ்வாதத்துக்கு வலுவான அடிப்படை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

நேஜா என்னும் பெயர், குபேரனின் மகனாகிய நளகூபரன் பெயரின் சீனத் திரிபு என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. மெயிர் ஷஹார் என்னும் இசுரேலிய அறிஞர் 2015-இல் நேஜாவைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி இதனை விளக்கியுள்ளார். அந்த நளகூபரன் நமக்குப் புதியவன் அல்லன். நாரதரின் சாபத்தால் தம்பி மணிக்கிரீவனோடு மருத மரமாகி நின்று, உரலோடு கட்டுண்ட கண்ணன் இடையே தவழ்ந்து சென்றபோது விடுதலை பெற்றானே, அவனேதான். ஆழ்வார்கள் பலகால் பாடிப் பரவிய நிகழ்ச்சி அது. நேஜாவின் தந்தையாகச் சீனர் வழிபடும் லீ ஜிங் கையில் ஒரு கோபுரத்தை ஏந்தி நிற்பான். அது திசைக்காவலனாகிய வைசிரவணன், அதாவது குபேரன், கையிலேந்திய பௌத்தத் தூபியே.

இச்செய்தி சீனம் சென்ற வழியிலும் நம் மண்ணின் மணம் உண்டு. பல்லவர் காஞ்சியோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் வச்சிரபோதி என்னும் பௌத்தத் துறவி கடல்வழியே சென்று 720-ஆம் ஆண்டளவில் சீனத் தலைநகரை அடைந்தார். அவர் மாணவர் அமோகவச்சிரர் பெயரால் வழங்கும் சீன நூல்களில் வைசிரவணனும் நேஜாவும் இடம்பெறுகின்றனர். குரங்கரசன் சுன் வுகோங்கின் பின்னே அனுமன் நிற்கிறான் என்று ஹூ ஷி என்னும் சீனப் பேரறிஞர் 1923-இலேயே கருத்துரைத்தார். லூ சுன் போன்றோர் அதனை மறுத்தனர். சீனத்துச் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. தமிழ் வணிகர் அங்கே சிவன் கோயில் எடுத்து வாழ்ந்தனர்.

இவ்வளவும் உண்மை. இதனால் நம் பிள்ளைக்கு விளைந்தது யாது?

ஒரு விதை காஞ்சியிலிருந்து சென்றிருக்கலாம். அதனை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நீரூற்றி வளர்த்தவன் எவனோ அவனுக்கே மரம் உரியது. நளகூபரன் சீனத்துக்குப் போய்ச் சிறுவனாகி, கடலரசனின் மகனோடு பொருது, பெற்றோர்க்குத் தன் ஊனையும் எலும்பையும் திருப்பிக் கொடுத்து, தாமரையிலிருந்து மறுபடி பிறந்தான். இவையெல்லாம் சீனப் புலவர் அவனுக்குப் படைத்த வாழ்க்கை. மிங் அரசர் காலத்துப் பதினாறாம் நூற்றாண்டுப் பெருங்கதையொன்றில் அவ்வரலாறு விரிந்தது. நம்மிடம் இருந்த நளகூபரனோ மரத்திலிருந்து விடுபட்டதோடு மறக்கப்பட்டான். "நேஜா யார்?" என்று கேட்டால் ஒரு பிள்ளை அரைமணி நேரம் சொல்லும். "நளகூபரன் யார்?" என்று அப்பிள்ளையின் தந்தையைக் கேட்டுப் பாருங்கள், தாத்தாவைக் கேட்கச் சொல்லுவார். நேஜாவுக்குத் தனி நூல் எழுதவும் ஓர் இசுரேலியர் வேண்டியிருந்தது.

பிறப்பிடம் பேசும் பெருமை, விற்றுவிட்ட நிலத்தின் பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு வரப்பில் நின்று வாதாடுவதை ஒக்கும். நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் எனக்கு இது நன்கு விளங்கும். பழைய கோப்பு எத்துணைப் பெரிதாயினும், அதன்மேல் நடவடிக்கை இல்லையேல் அது பதிவறையில் தூசிதான் பெறும்.

சீனரும் ஒருகால் இதே நிலையில் நின்றவரே என்பதை நாம் நோக்க வேண்டும். அவர்களுடைய முலானின் கதையை 1998-இல் டிஸ்னி எடுத்தது. அவர்களுடைய பாண்டாவையும் குங்பூவையும் வைத்து 2008-இல் ஹாலிவுட் 'குங்பூ பாண்டா' எடுத்தபோது, "நம்மால் ஏன் இது ஆகவில்லை?" என்று சீனத்தில் பெரும் விவாதம் எழுந்தது. அவர்கள் "பாண்டா எங்களுடையது" என்று பெருமை பேசி அமையவில்லை. 2015-இல் குரங்கரசனைப் புதுப்பித்துத் திரைக்குக் கொண்டுவந்தனர். 2019-இல் 'நேஜா' வந்து 500 கோடி யுவானுக்குமேல் ஈட்டியது. 2025 சனவரி 29 அன்று வெளியான அதன் இரண்டாம் பாகம் 200 கோடி அமெரிக்க டாலரைக் கடந்து, உலகில் மிகுதியான வருவாய் ஈட்டிய அனிமேஷன் படமாயிற்று. அவர்கள் கேள்வி கேட்டதற்கும் விடை கண்டதற்கும் இடையே கழிந்தவை ஒருசில ஆண்டுகளே.

பொருளில்லை என்னும் வாதம்

மூன்றாவது வாதத்தைக் கூறுவோர், நேஜாவின் இரண்டாம் பாகத்தில் 138 நிறுவனங்களைச் சார்ந்த 4,000-க்கு மேற்பட்டோர் உழைத்தனர் என்பதை எடுத்துக்காட்டுவர். உண்மைதான். ஆனால் மரத்தின் உச்சியைக் காட்டி வேரை மறைத்தல் ஆகாது.

சீனத்தின் முதல் முழுநீள அனிமேஷன் படம் 'இரும்பு விசிறி இளவரசி' 1941-இல் வெளிவந்தது. அப்போது சீனம் சப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்தது. போர் சூழ்ந்த ஷாங்காயில் வான் சகோதரர் அதனை வரைந்து முடித்தனர். சப்பானின் புகழ்பெற்ற சித்திரக்கதை ஆசிரியர் தெசுகா ஒசாமு இளமையில் அப்படத்தைக் கண்டு கிளர்ச்சியுற்றவர். பின்னர் வான் லைமிங் இயக்கிய குரங்கரசன் படமான 'விண்ணுலகில் கலகம்' 1961-லும் 1964-லும் இரு பகுதிகளாக நிறைவுற்றது. அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டிய காலம் அது. செல்வம் கொழித்தபின் கலை செய்தவர் அல்லர் அவர்.

இனி நம் கதையைக் கேளுங்கள். ஷாங்காய் அனிமேஷன் படநிலையம் தனி நிறுவனமாக அமைந்தது 1957-இல். நம் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு பம்பாயில் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது 1956-இல். டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பாரை வருவித்துப் பயிற்சியளித்தனர். புத்த சாதகக் கதையொன்றை வைத்து ஆலமர மானின் கதையை 1957-இல் படமாக்கினர். ஓட்டப் பந்தயத்தில் ஓராண்டு முன்னே புறப்பட்டவர் நாம்! புறப்பட்டவர் என்பதோடு நின்றுவிட்டது. அங்கே ஷாங்காய்க் கலைஞர் 1960-இல் சி பாய்ஷி என்னும் பெரும் ஓவியரின் மைத்தீற்று ஓவியத்தையே அசையச் செய்து, தாயைத் தேடும் தலைப்பிரட்டைகளின் கதையைக் காட்டினர். இங்கே சித்தன்னவாசல் தாமரைக்குளமும் தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியமும் இன்றுவரை அசையவில்லை.

தமிழர் கைக்குப் பொறியே எட்டவில்லை என்பதும் பொருந்தாது. 2000-இல் சென்னைப் பென்டாமீடியா நிறுவனம் பாண்டவர் கதையைக் கணினியால் முழுநீளப் படமாக்கி நாட்டின் தேசிய விருதைப் பெற்றது. எந்த மொழிப் படத்துக்கான விருது தெரியுமா? ஆங்கிலப் படத்துக்கான விருது! சென்னையில் செய்த பாரதம் ஆங்கிலத்தில் பேசியது. 2007-இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. 2014-இல் 'கோச்சடையான்' வந்தது. அதில் பெரும் பொறியும் பெரும் பொருளும் செலவாயின. எதற்காக? ஏற்கெனவே நாடறிந்த ஒரு நடிகரின் உருவத்தைக் கணினியில் வார்ப்பதற்காக. பிள்ளைக்குக் கதை சொல்வது அங்கே நோக்கமாக இல்லை.

பெங்களூரிலேயே இதற்கு மாறான சான்றும் உண்டு. 2025 சூலை 25 அன்று, இந்நகரின் ஹோம்பாளே நிறுவனம் வழங்கிய 'மகாவதார் நரசிம்மா' தமிழ் உட்படப் பல மொழிகளில் திரைக்கு வந்தது. நடிகர் முகம் ஒன்றுமில்லை. அசுவின் குமார் இயக்கிய அனிமேஷன் படம். கதையோ எல்லாரும் அறிந்த பிரகலாதன் கதை. 300 கோடி ரூபாய்க்குமேல் ஈட்டியது. பிள்ளைகள் சீனத்தை நாடவில்லை, கதையை நாடுகிறார்கள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? பிரகலாதனைக் கொடுத்தால் பிரகலாதனையும் கொண்டாடுவார்கள்.

மயக்கும் பொருள் யாது?

இனி இச்சீனப் படங்கள் மயக்குவது எதனால் என்பதை நேர்மையோடு பார்ப்போம். பகையிடம் கற்பதும் அறிவுடைமையே. நண்பரிடம் கற்பதற்குத் தயக்கம் ஏன்?

முதலாவது, அவர்கள் பழங்கதையை அஞ்சாமல் திருத்தினார்கள். பழைய கதையில் நேஜாவின் தந்தை கடுமையானவன். ஷாங்காய் நிலையத்தார் 1979-இல் எடுத்து, 1980-இல் கான் திரைவிழாவிலும் காட்டப்பெற்ற 'கடலரசனை வென்ற நேஜா' படத்தில், சிறுவன் தந்தையின்முன் தன் உயிரையே மாய்த்துக்கொள்வான். 2019-இல் வந்த படத்திலோ தந்தை வேறொருவனாக வருகிறான். அசுரப் பிறவி என்று ஊரார் தூற்றும் மகன் மூன்றாண்டில் இடியால் அழிவான் என்று விதி. அம்மகனுக்கு மாற்றாகத் தன் உயிரைக் கொடுக்கத் தந்தை மறைவில் ஏற்பாடு செய்கிறான். அதனை மகன் அறியுமிடத்தில் பெரியவர்களும் கண்ணீர் உகுப்பர். "நான் பிறந்தபோதே என்னைத் தீயவன் என்று எழுதிவிட்டார்கள், நான் என்ன செய்வேன்?" என்பதே அப்பிள்ளையின் உள்ளக்குமுறல். தேர்வு மதிப்பெண்ணாலும் வாழும் தெருவின் பெயராலும் பேசும் மொழியாலும் எடைபோடப்படும் ஒரு பிள்ளை, அக்குமுறலில் தன் குரலைக் கேட்பதில் வியப்பென்ன?

விதியை எதிர்த்து நிற்றல் நமக்கு அயலான கருத்தன்று. ஊழின் வலியை ஓரதிகாரத்தில் பாடிய வள்ளுவரே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், தளராது முயல்வோன் ஊழையும் முதுகுகாட்டச் செய்வான் என்றார். பழங்கதையைத் திருத்துவதும் நமக்கு அயலன்று. வான்மீகி பாடாத இரணியன் வதையைக் கம்பர் தம் காப்பியத்தில் ஒரு படலமாக அமைத்தார். கம்பர் கையைக் கட்ட எவரும் முன்வரவில்லை. இன்றோ பழங்கதையில் ஒரு சொல்லை மாற்றினால் போர்க்கொடி தூக்குவோர் மிகுதி. அக்கதையை ஒரு பிள்ளைக்காவது சொல்வோர் மிகச் சிலர்.

இரண்டாவது, அவர்கள் தெய்வத்தை மக்கள் மொழியில் பேசவைத்தார்கள். நேஜாவின் குரு ஒரு தேவமுனிவர். அவர் தொந்தியும் தொப்பையுமாகப் பன்றியின்மேல் ஏறி வருவார். சிச்சுவான் நாட்டுக் கொச்சையில் பேசுவார். இயக்குநர் யாங் யூ அந்நாட்டவர். மருந்தியல் பயின்றவர், அத்தொழிலை விடுத்துத் தாயின் சிறு ஓய்வூதியத்தில் வாழ்ந்து, மூன்றாண்டுக்கு மேல் வீட்டில் அமர்ந்து முதல் குறும்படத்தைத் தனியே வரைந்து 2008-இல் வெளியிட்டவர். ஊதியக் குழுவின் அறிக்கையை எதிர்நோக்கி வாழும் என்போன்றோர்க்கு அந்தத் தாயின் பெருமை நன்கு தெரியும். அவர் தம் ஊர்ப்பேச்சை மறைக்கவில்லை, தேவலோகத்திலேயே ஏற்றினார். தம் ஊர் மண்ணில் தோண்டியெடுத்த பழம்பொருள்களையும் விடவில்லை. சிச்சுவானின் சான்சிங்துய் அகழ்வாய்வில் கிடைத்த வெண்கல முகங்களின் சாயலில் காவல் பூதங்களைப் படைத்தார். ஆதிச்சநல்லூரும் கீழடியும் நமக்கு மேடைப்பேச்சுக்கு ஆயின. எந்தப் பிள்ளையின் விளையாட்டுக்கும் ஆகவில்லை.

இதுவும் நாம் அறியாத உத்தியன்று. 1965-இல் ஏ. பி. நாகராசன் 'திருவிளையாடல்' எடுத்தார். அதில் இறைவனோடு நின்ற தருமிக்கு நாகேசு ஓர் ஏழையின் ஆசையையும் அச்சத்தையும் நடுக்கத்தையும் கொடுத்தார். அறுபதாண்டு கழிந்தும் தருமி இறக்கவில்லை. புராணத்தைத் தாழ்த்தாமலே அதனை நம் தெருவுக்கு அழைத்து வரலாம் என்று காட்டியவர் நம்மவர். அக்கலையைக் கைவிட்டவரும் நம்மவரே.

மூன்றாவது, அவர்கள் இலக்கியத்தையே திரைக்கு ஏற்றினார்கள். 2023-இல் வந்த ஒரு சீன அனிமேஷன் படம் தாங் காலத்துக் கவிஞர் லி பாய், காவ் ஷி ஆகியோரின் நட்பைச் சொல்வது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பழங்கவிதைகள் வருகின்றன. திரையில் கவிதை ஒலிக்கும்போது அரங்கிலிருந்த பிள்ளைகள் உடன்சேர்ந்து ஒப்பித்தனர் என்று செய்திகள் வந்தன. கபிலரும் பாரியும் நம்மிடம் இல்லையா? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே கொண்ட நட்பு, லி பாயின் நட்பினும் குறைந்ததோ? அந்நட்பை உரையாசிரியர் கையில் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கப் போனோம்.

நம் பேழையில் கிடப்பது

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். உறங்கும் பெண்ணைக் கடல்தெய்வம் வான்வழியே தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. முற்பிறப்பைக் காட்டும் பீடிகை அங்கே ஒளிர்கிறது. வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசியைப் போக்கவும் மூன்று மந்திரங்களை அவள் பெறுகிறாள். வைகாசி முழுநிலவில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுகிறது. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் நோயால் பன்னிரண்டாண்டு வாடும் விஞ்சைப்பெண் காயசண்டிகை வருகிறாள். தூணில் அமைந்த பாவை பேசுகிறது. பசு பாலூட்டி வளர்த்த ஆபுத்திரன் வருகிறான். எந்த நாட்டு மாயக்கதையில் இவ்வளவு செல்வம் உண்டு?

அன்றியும் இக்கதைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நேஜாவின் கையில் இருப்பவை தீக்கூர் வேலும் எறிவளையும். மணிமேகலையின் கையில் இருப்பது சோறு வழங்கும் கலம். அவள் வெல்லும் பகைவன் பசி. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்று மன்னனிடம் கேட்டு வாங்கியவள் அவள். சண்டையில்லாமலே விறுவிறுப்பூட்டும் மாயக்கதையை உலகுக்குக் கொடுக்கும் வாய்ப்பு தமிழனுக்கு ஒருவனுக்கே வைத்ததுபோல் இருக்கிறது. கம்போடியரும் தாய்லாந்தினரும் மணிமேகலைத் தெய்வத்தை இன்றும் நாட்டியமாக ஆடுகின்றனர். நாமோ அதனைத் தேர்வுக்குரிய பத்து மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறோம்.

கொங்குநாட்டு அண்ணன்மார் கதைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். உடுக்கையடித்து இரவிரவாகப் பாடப்படும் அக்கதையைப் பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் 1965-இல் ஊரில் தங்கிப் பதிவு செய்தார். பின்னர் அவரே முன்னின்று அதனை 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆக்கினார். அந்த அம்மையாருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் பொன்னரும் சங்கரும் கனடாவிலிருந்து வரவேண்டியிருந்தது என்பது ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் பேசும் மொழிக்கு அழகோ?

கதை சொல்லும் வழக்கம் நம்மிடம் நேற்றுவரை இருந்தது. 1947-இல் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, பல மொழிகளில் மாதந்தோறும் வீடு தேடி வந்தது. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளை அம்புலிமாமா படிக்க, அடுத்த வீட்டுக் கன்னடப் பிள்ளை சந்தமாமா படித்தது. வேதாளம் இருவர்க்கும் பொதுவாயிருந்தது. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமனும் அவன் தோளில் தொங்கும் வேதாளமும் எத்தனையோ பேருக்குத் தமிழெழுத்தைக் கற்பித்தனர். 2013-இல் அவ்விதழ் நின்றது. நிற்கும்போது எத்தனை தமிழ் அமைப்புகள் தீர்மானம் நிறைவேற்றின?

செய்ய வேண்டுவது

பெங்களூர்த் தமிழர் உணர்ச்சியற்றவர் அல்லர். அல்சூர் ஏரிக்கரையருகே 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டாண்டு மூடிக்கிடந்தது. 2009 ஆகத்து 9 அன்று திறக்கப்பெற்றது. அவ்வளவு காலம் பொறுமையோடு காத்திருந்த மக்கள் நாம். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. இரு மொழியாரும் மகிழ்ந்தோம். சிலைக்காக அவ்வளவு பாடுபட்டவர்கள், அச்சிலையின்கீழ்ப் பொறித்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்காக எவ்வளவு பாடுபட்டோம் என்று கணக்குப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

படநிலையம் கட்டு என்று எவரையும் நான் கேட்கவில்லை. கேட்பவை எளியவை. முதலாவது, ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் தொகையில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் கதைநேரத்துக்கு ஒதுக்குங்கள். நீலசந்திராவிலும் அல்சூரிலும் விவேக்நகரிலும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். சொற்பொழிவு வேண்டா, கதை சொல்லுங்கள். இரண்டாவது, கதை சொன்னபின் பிள்ளைகள் கையில் தாளும் வண்ணமும் கொடுங்கள். நேஜாவை வரையத் தெரிந்த கை காயசண்டிகையையும் வரையும். மூன்றாவது, நல்ல குரலுடையார் பலர் நம்மிடையே உளர். மதுரைவீரனையும் ஆபுத்திரனையும் அவர்கள் குரலில் பதிவுசெய்து வீடுதோறும் கைப்பேசியில் அனுப்புங்கள். எழுத்தறியாப் பிள்ளைக்கும் காது உண்டு. நான்காவது, நல்ல சீனப் படம் வந்தால் தடுக்காதீர்கள். உடன் அமர்ந்து பாருங்கள். பார்த்தபின், "இந்த நேஜாவின் பழைய பெயர் என்ன தெரியுமா?" என்று கேளுங்கள். அங்கிருந்து நளகூபரனுக்கும், மருத மரத்துக்கும், உரலில் கட்டுண்ட கண்ணனுக்கும் பிள்ளை தானே நடந்து வரும். அயல்நாட்டுப் படமே நம் வீட்டுக்கு வழிகாட்டும் விளக்காகும்.

இவற்றைச் செய்ய அரசாணை வேண்டா, மானியம் வேண்டா, 4,000 கலைஞர் வேண்டா. தாத்தாவும் பாட்டியும் சிறிது நேரம் தொலைக்காட்சித் தொடரை நிறுத்தினால் போதும். இதனையும் செய்ய மனமில்லாதார், சீனத்தான் பிள்ளைகளைக் கவர்ந்துவிட்டான் என்று இனி மேடையேறிப் புலம்ப வேண்டா. பசித்த பிள்ளை அடுத்த வீட்டில் உண்டதென்றால், பழி அடுத்த வீட்டுக்காரிக்கு ஆகாது. அடுப்பு மூட்டாத வீட்டுக்கே ஆகும். நம் வீட்டில் அமுதசுரபி இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை பேசி அதனைப் பேழையில் பூட்டி வைப்பதை விடுத்து, வெளியே எடுத்து முதற்கவளத்தை நம் பிள்ளைகளுக்கு இடுவோமாக.